பாரிஸ் சந்தையில் வாங்க எவ்வளவு பிரெஞ்சு வேண்டும்? கேள்வி பதில்

பிரான்சுக்குப் புதிதாக வந்தவர்கள் சந்தைப் பிரெஞ்சு பற்றிக் கேட்டவற்றில் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் இருப்பது பாரிசில் என்பதால் உதாரணங்களும் இங்குள்ளவையே.

கேள்வி: அண்ணா, மொழி வகுப்புக்குப் போகிறேன். ஆனால் சந்தையில் போய் நின்றால் வாயே திறப்பதில்லை. எந்த வாக்கியங்களை மனப்பாடம் செய்யலாம்?

பேசுவதற்கு மிகக் கொஞ்சம் போதும். முதலில் "போன்ஜூர்". இதை விட்டுவிட்டு நேரே தக்காளி கேட்டால், கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்து அழுத்தமாக ஒரு "போன்ஜூர்" சொல்லிவிட்டுக் காத்திருப்பார். அது வரவேற்பு அல்ல, திட்டு. அப்புறம் "அன் கிலோ த தொமாத், ஸில் வூ ப்ளே". வினைச்சொல்லே தேவையில்லை, பிரெஞ்சுக்காரர்களும் இப்படித்தான் கேட்கிறார்கள். அரை கிலோவுக்கு "ஊன் லீவ்ர்". முடிக்கும்போது "ஸே தூ, மெர்ஸி".

சிக்கல் பேசுவதில் இல்லை, அவர் திருப்பிக் கேட்பதைப் பிடிப்பதில்தான் இருக்கிறது. நல்லவேளை, எல்லாக் கடையிலும் அதே நாலைந்து கேள்விகள்தான். "ஏ அவெக் ஸஸி?" என்றால் வேறென்ன வேண்டும். "ஸ ஸரா தூ?" என்றால் அவ்வளவுதானா. சீஸ் மீது கத்தியை வைத்துக்கொண்டு "கோம் ஸா?" என்றால் இந்த அளவு போதுமா. கூட வேண்டுமானால் "அன் பெ ப்ளூஸ்", குறைக்க "அன் பெ முவான்". பழுத்த சீஸோ முலாம்பழமோ கேட்டால் "பூர் ஸ ஸ்வார் ஊ பூர் தமான்?" என்பார். இன்று இரவுக்கா, நாளைக்கா என்று கேட்டு, அதற்கேற்ற அளவு பழுத்ததாகத் தேர்ந்தெடுத்துத் தருவார். இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள், உங்களுக்குத்தான் லாபம்.

இன்னொன்று, "ஜ வூ ல லெஸ்?" தராசில் கொஞ்சம் கூடிவிட்டது, அப்படியே விடட்டுமா என்று அர்த்தம். புரியாமல் "வுயீ" என்று தலையாட்டுகிறவர்கள் வாரா வாரம் கூடுதலாக வாங்கிக்கொண்டு போகிறார்கள். "நோன், மெர்ஸி" என்றால் எடுத்துவிடுவார், கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: விலை சொன்னால் காதில் விழுகிறது, எண்ணாக மாறுவதில்லை. என்ன செய்ய?

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. 3,75 என்பது மூன்று யூரோ, அறுபது, பதினைந்து. 4,95 என்றால் நான்கு யூரோ, நான்கு இருபது, பதினைந்து. மனதுக்குள் கூட்டிக்கொண்டு நின்றால் பின்னால் வரிசை நீண்டுவிடும். "ஸ்வாஸான்த்-கேன்ஸ்" என்றால் 75, "காத்ர்-வேன்-கேன்ஸ்" என்றால் 95 என்று முழுச் சத்தமாகவே பழகிக்கொள்ளுங்கள். விலைகள் பெரும்பாலும் 50, 80, 90, 95, 99 என்று முடிவதால் நூறு எண்களையும் படிக்கத் தேவையில்லை.

இதைவிட மோசமானது 2-ம் 12-ம். "தெ-ஸெரோ" இரண்டு யூரோ, "தூ-ஸெரோ" பன்னிரண்டு யூரோ. வித்தியாசம் முதல் உயிரில் மட்டும். 3-க்கும் 13-க்கும் இதே கதை: "த்ருவா-ஸெரோ", "த்ரே-ஸெரோ". சந்தேகமாக இருந்தால் தராசின் திரையைப் பாருங்கள், அதில் வெட்கமில்லை.

சுவிஸில் லொசான், ஜெனீவா பக்கம் இருப்பவர்கள் பாக்கியசாலிகள். அங்கே 70-க்கு "செப்தான்த்", 90-க்கு "நோனான்த்".

கேள்வி: விலைப் பலகையில் 1,50 என்று பார்த்து ஆறு மாம்பழம் எடுத்தேன். 9 யூரோ வாங்கிவிட்டார். ஏமாற்றா?

இல்லை. பலகையில் "லா பியேஸ்" என்று இருந்திருக்கும், அதாவது ஒன்றின் விலை. கிலோ விலை என்றால் "ல கிலோ", கட்டு விலை என்றால் "லா பொத்", ஸ்ட்ராபெரி மாதிரி சிறு பெட்டியில் வருவதற்கு "லா பர்கெத்". விலையைப் பார்க்கும் முன் இந்தச் சொல்லைப் பாருங்கள். கையால் எழுதும் 1-க்கு இங்கே நீண்ட மூக்கு இருக்கும், நமக்கு 7 போலத் தெரியும். உண்மையான 7-க்கு நடுவில் ஒரு கோடு இருக்கும்.

கேள்வி: பச்சை மிளகாய் கேட்டால் குடமிளகாய் தருகிறார்கள்.

"ப்வாவ்ரோன்" என்று கேட்டிருப்பீர்கள். அது குடமிளகாய். "ப்வாவ்ர்" மிளகு. உங்களுக்கு வேண்டியது "பிமான்". "பிமான் ஆந்தியே" என்று குட்டி விளக்கு வடிவில் இருப்பது பயங்கரக் காரம், நம்மூர் நாக்குக்கும் எச்சரிக்கை. கூடவே, "சித்ரோன்" என்றால் மஞ்சள் எலுமிச்சைதான் வரும். நம் எலுமிச்சைக்கு நெருக்கமானது "சித்ரோன் வேர்". கொத்தமல்லிக்கு "அன் பூக்கே த கொரியாந்த்ர்" என்று கொத்தாகக் கேளுங்கள், இல்லையென்றால் சில கடைகளில் பார்ஸ்லி கைக்கு வரும்.

கேள்வி: தம்பி, மீன் கடையில தலையோட, துண்டு துண்டா வெட்டி வாங்க ஏலுமோ?

தாராளமாக, அக்கா. "வூ புவே ல விதே ஏ லெக்கையே?" என்றால் குடலெடுத்துச் செதில் சுரண்டித் தருவார்கள், பொதுவாக அதற்குத் தனிக் காசு இல்லை. பெரிய மீனைக் குறுக்காக வெட்ட "ஆன் தார்ன்", குழம்புத் துண்டுக்கு "ஆன் மொர்ஸோ". தலையை எறிந்துவிடுவார்கள் என்பதால் வெட்டுவதற்கு முன்பே "ஜ கார்த் லா தெத்" சொல்லிவிடுங்கள். மீன் என்ற "புவாஸோன்" சொல்லும்போது நடுவில் பாம்பு சீறுவதுபோல ஸ் வரவேண்டும். அது வண்டின் ரீங்காரமாகக் குழைந்தால் "விஷம்" ஆகிவிடும். மீன்காரர் சிரிப்பார், மீன் தருவார்.

கேள்வி: கடைக்காரர் "மா பெல்" என்று கூப்பிடுகிறார். அழகி என்றா? முறைப்பதா, சிரிப்பதா?

எழுபது வயதுப் பாட்டியையும் அப்படித்தான் கூப்பிடுவார். வியாபாரப் பேச்சு. அவர் எப்படி அழைத்தாலும் நீங்கள் "வூ" (மரியாதையான "நீங்கள்") போட்டே பேசுங்கள்.

கேள்வி: பேரம் பேசலாமா?

பலகையில் விலை இருந்தால் பேசாதீர்கள், பிடிக்காது. காலைச் சந்தைகள் பகல் ஒன்று, ஒன்றரை வாக்கில் கட்டும்போது போனால் அவர்களே "அன் எரோ லா பர்கெத்!" என்று கத்துவார்கள். முழுப் பெட்டி எடுப்பதானால் மட்டும் "வூ ம ஃபெத் அன் ப்ரீ?" (விலை குறைத்துத் தருவீர்களா?) என்று கேட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலில் எல்லாம் தமிழிலேயே கிடைக்கிறதே. எதற்கு இந்தப் பாடு?

கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் அங்கேதான் போகவேண்டும், நானும் போகிறேன். ஆனால் தக்காளியும் வெங்காயமும் அங்கே ஏன்? லா சப்பலுக்கு அடுத்த மெட்ரோ நிறுத்தம் பர்பேஸ். புதன், சனி காலைகளில் மெட்ரோ பாலத்துக்கு அடியிலேயே சந்தை. மலிவு, ஆனால் நெரிசலும் கூச்சலும் அதிகம், யாரும் உங்களுக்காக நிதானமாகப் பேச மாட்டார்கள். பழக வேண்டுமானால் 12-ஆம் வட்டாரத்தின் அலிக்ர் சந்தைக்குப் போங்கள். திங்கள் விடுமுறை. ஞாயிறு வேண்டாம், செவ்வாய் அல்லது புதன் காலை போனால் கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்கும்.