துணைவருக்கு வெளியூரில் மருத்துவ மேற்படிப்பு, பிள்ளையின் அப்பா இங்கே: கேள்வி பதில்

சென்னையில் குடும்ப நீதிமன்ற வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் நான். மறுமணம் செய்துகொண்டவரின் துணைவருக்கு எம்.டி. (எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிந்தைய மேற்படிப்பு) அல்லது டி.எம். (எம்.டி.க்குப் பிந்தைய சிறப்புப் படிப்பு) சீட் வேறு மாநிலத்தில் கிடைக்கிறது. முதல் திருமணத்துப் பிள்ளையை அங்கே கூட்டிப் போகலாமா, கூடாதா என்று குடும்பமே தவித்துப் போகிறது. இது தொடர்பாக வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே. எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் கையில் இருக்கும் உத்தரவை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி (ஒரு தாய், தாம்பரம்): பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து ஆனது. மகளுக்கு 8 வயது. வார நாட்களில் என்னிடம், சனி ஞாயிறு அவள் அப்பாவிடம், கோடை விடுமுறையில் ஆளுக்குப் பாதி. என் இரண்டாவது கணவருக்குச் சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவ நிறுவனத்தில் டி.எம். சீட் கிடைத்திருக்கிறது, ஜூலையில் சேர வேண்டும். முன்கூட்டிச் சொன்னால் அவள் அப்பா தடை வாங்கிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது மேடம். போய்ச் சேர்ந்த பிறகு சொல்லலாமா?

பதில்: வேண்டாம்மா. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் சொல்லாமல் போவதுதான் உங்களுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து. விவாகரத்து உத்தரவோடு நீங்கள் இருவரும் கையெழுத்துப் போட்ட சமரச ஒப்பந்தம் இருக்கும். நீதிமன்ற அனுமதி இல்லாமல் குழந்தையை வெளியூருக்கு மாற்றக் கூடாது என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பல ஒப்பந்தங்களில் இருக்கும். இல்லாவிட்டாலும், சனி ஞாயிறு அப்பாவிடம் என்ற உத்தரவைச் சண்டிகரில் இருந்துகொண்டு எப்படி நிறைவேற்றுவீர்கள்? போய் இறங்கிய முதல் சனிக்கிழமையே உத்தரவை மீறியதாகிவிடும். நீதிமன்றமே ஒருவரைப் பாதுகாவலராக நியமித்திருந்தால், 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின் 26ஆவது பிரிவுப்படி, அனுமதி இல்லாமல் பிள்ளையை எல்லை தாண்டிக் கொண்டுபோகவே முடியாது.

சட்டம் உங்களுக்கு எதிராக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைப் பொறுப்பு பற்றிய உத்தரவு எதுவும் இறுதியானது அல்ல, சூழ்நிலை மாறினால் மாற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் 1973இலேயே ரோஸி ஜேக்கப் வழக்கில் சொல்லிவிட்டது. நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கு அது. 2010இல் விக்ரம் வீர் வோரா வழக்கில், ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்த தாய் மகனை அங்கே அழைத்துப் போகலாம் என்று அனுமதித்தது. அதுவும் பரஸ்பர சம்மத விவாகரத்துதான். நீதிபதிகள் பையனிடம் தனியே பேசிப் பார்த்துவிட்டே முடிவு செய்தார்கள்.

ஆகவே, ஏற்கெனவே உத்தரவு போட்ட நீதிமன்றத்திலேயே அதை மாற்றித் தரச் சொல்லி மனு போடுங்கள். டி.எம். மூன்று வருடப் படிப்பு. சீட் ஒதுக்கீட்டுக் கடிதம், சேர வேண்டிய தேதி, நடுவில் விட்டால் கட்ட வேண்டிய பாண்ட் தொகை எல்லாவற்றையும் இணையுங்கள். ஆனால் சீட்டின் பெருமையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நான் ஆஜரான ஒரு விசாரணையில் நீதிபதி அந்தக் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தாயிடம் கேட்டார்: “இவருக்கு வாரத்துல எத்தனை நாள் நைட் டியூட்டி? அன்னைக்கு ராத்திரி குழந்தைக்கு ஜுரம் வந்தா அந்த ஊர்ல யாரைக் கூப்பிடுவீங்க?” நல்லவேளை, அந்தப் பெண் யோசித்து வைத்திருந்தார். வீட்டிலிருந்தே பார்க்கிற தன் வேலை, குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பம், முதல் ஆறு மாதம் கூட வந்து இருக்கப்போகும் தன் அம்மா என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அனுமதி கிடைத்தது. ரெசிடெண்ட் டாக்டர்கள் 24 மணி நேரம், 36 மணி நேரம் தொடர்ந்து டியூட்டி பார்ப்பது நீதிபதிகளுக்கும் தெரியும். கணவர் பார்த்துக்கொள்வார் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அடுத்தது அப்பாவின் நாட்கள். வாரம் இரண்டு நாள் என்றால் வருடத்துக்கு 104 நாள். இந்த 104ஐ எப்படி ஈடுகட்டப் போகிறீர்கள் என்பதுதான் உங்கள் மனுவின் உயிர். கோடை விடுமுறை முழுவதும் அப்பாவிடம், குளிர்கால விடுமுறையில் பெரும்பகுதி, தீபாவளி ஒரு வருடம் இங்கே ஒரு வருடம் அங்கே, அவர் சண்டிகர் வந்தால் இரண்டு மூன்று நாள் தன்னோடு வைத்துக்கொள்ளலாம் என்று தேதி போட்டு எழுதுங்கள். தினமும் வீடியோ காலுக்கு ஒரு நேரம் குறியுங்கள். நேரில் பார்க்க முடியாதபோது போன், வீடியோ வழியாகப் பேசவாவது வழி செய்ய வேண்டும் என்று 2020இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. பயணச் செலவை நீங்களே ஏற்பதாக எழுதுங்கள். ஊர் மாறுவது நீங்கள்தானே, அதுதான் நியாயம்.

மனு போடும் முன் அவரிடம் ஒரு முறை நேரில் பேசிப் பாருங்கள். அவர் சம்மதித்தால் இருவரும் சேர்ந்து ஜாயிண்ட் மெமோ (இருவரும் கையெழுத்திட்ட கூட்டு மனு) தாக்கல் செய்து, நீதிமன்ற உத்தரவாக வாங்கிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் “சரி” என்று ஒரு வார்த்தை வந்ததை நம்பி வீட்டைக் காலி செய்யாதீர்கள்.

கேள்வி (மருத்துவரின் மனைவி, சேலம்): கணவர் இப்போதுதான் தேர்வு எழுதியிருக்கிறார், கவுன்சலிங் இனிமேல்தான். சீட் கிடைத்த பிறகு இதைப் பற்றி யோசித்தால் போதுமா?

பதில்: இப்போதே யோசியுங்கள். உங்களிடம்தான் இன்னும் நேரம் இருக்கிறது. விரும்பும் கல்லூரிகளின் பட்டியலை உறுதி செய்த (சாய்ஸ் லாக்) பிறகு எந்த ஊர் என்பது உங்கள் கையில் இல்லை. பட்டியல் போடும்போது பிள்ளையின் அப்பா இருக்கும் ஊரை நடுவில் வைத்துப் பாருங்கள். புதுச்சேரி ஜிப்மர், வேலூர், பெங்களூரு எல்லாம் வார இறுதியில் ரயிலிலோ பஸ்ஸிலோ போய் வரும் தூரம். அங்கே சீட் கிடைத்தால், இப்போதுள்ள ஏற்பாட்டில் சின்ன மாற்றம் போதும். டெல்லி, சண்டிகர் என்றால் முழுதாக வேறு ஏற்பாடு. தரவரிசையில் கொஞ்சம் கீழே இருக்கிற கல்லூரி பிள்ளைக்கு மேலாக இருக்கலாம். இதை உங்கள் கணவரிடம் வாய்விட்டுப் பேசுங்கள்.

அகில இந்திய பி.ஜி. கவுன்சலிங்கில் முதல் சுற்றுச் சீட்டை வேண்டாம் என்று விட்டால் டெபாசிட் போகாது. பின் சுற்றுகளில் விட்டால் போகும். ஆகவே பிள்ளையின் அப்பாவோடு பேச வேண்டியதை முதல் சுற்றுக்குள் பேசி முடியுங்கள்.

கேள்வி (ஒரு தந்தை, மதுரை): என் முன்னாள் மனைவி மறுமணம் செய்துகொண்டார். அவர் கணவர் எம்.டி. படிக்க டெல்லி போவதால் என் 6 வயது மகனையும் அழைத்துப் போகிறாராம். மறுமணத்தைக் காட்டி மகனை என்னிடமே கேட்க முடியுமா?

பதில்: மறுமணம் ஒன்றே காரணமாக ஒரு தாயிடமிருந்து பிள்ளையை எடுக்க முடியாது சார். உச்ச நீதிமன்றமே அதைச் சொல்லியிருக்கிறது. அந்த வாதத்தோடு போனால் உங்கள் மற்ற வாதங்களும் எடுபடாமல் போகும். உங்களுக்கு வேறு நல்ல வாதம் இருக்கிறது. மகன் வாழ்க்கையில் நீங்கள் இதுவரை என்ன செய்து வந்தீர்கள்? பள்ளிக்குக் கொண்டுவிட்டது, தடுப்பூசி போட்டது, பெற்றோர் கூட்டத்துக்குப் போனது எல்லாவற்றையும் ஆதாரத்தோடு வையுங்கள். மகனைப் பார்க்க உங்களுக்குக் கொடுத்த நாள் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை என்றால் அதுவே பெரிய பலம்.

போவதைத் தடுக்க முடியாத நிலை வந்தால், நிபந்தனைகளைக் கேட்டு வாங்குங்கள்: கோடை விடுமுறை முழுவதும், பள்ளியின் மதிப்பெண் பட்டியலும் மருத்துவ விவரமும் உங்களுக்கும் நேரடியாக வர வேண்டும், முகவரி மாறினால் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும், படிப்பு முடிந்ததும் ஏற்பாட்டை மறுபடி பரிசீலிக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். எம்.டி. மூன்று வருடத்தில் முடியும், அதற்குள் மகனுக்கு அந்த ஊரே ஊராகிவிடும்.

கேள்வி (ஒரு பாட்டி, திருச்சி): மகளும் அவளுடைய இரண்டாவது கணவரும் படிப்புக்காக லக்னோ போகிறார்கள். பேத்தியை என்னிடம் விட்டுவிட்டுப் போனால் வம்பே இல்லையே?

பதில்: அம்மா, உங்கள் மனசு எனக்குத் தெரிகிறது. ஆனால் அப்பா அதே ஊரில் இருந்து பிள்ளையை நல்லபடியாகப் பார்க்கக் கூடியவர் என்றால், “தாய் இல்லாதபோது நான் இருக்கிறேனே” என்று அவர் கேட்பார், நீதிமன்றமும் காது கொடுத்துக் கேட்கும். 2019இல் தேஜஸ்வினி கௌட் வழக்கில், தாய்வழி உறவினரிடம் வளர்ந்த குழந்தையை உச்ச நீதிமன்றம் தந்தையிடமே ஒப்படைத்தது. அங்கே தாய் உயிரோடு இல்லை, இங்கே இருக்கிறார் என்ற வித்தியாசம் உண்டு. இருந்தாலும் எச்சரிக்கையாக இருங்கள்.

கேள்வி (ஒரு தாய், கோவை): அனுமதி வாங்கிவிட்டோம். புதுப் பள்ளியில் சேர்க்கும்போது மகனுக்கு என் கணவரின் இனிஷியலையே போட்டுவிட்டால் கேள்வி வராது என்கிறார் மாமியார்.

பதில்: போடாதீர்கள். அப்பா உயிரோடு இருக்கிறார், உறவோடும் இருக்கிறார். படிவத்தில் தந்தை பெயர் அவர் பெயர்தான். மாற்றியது அவருக்குத் தெரிந்த அன்றே நீங்கள் பாடுபட்டு வாங்கிய நம்பிக்கை போய்விடும். பையனுக்கும் அது நல்லதில்லை, யாருடைய பிள்ளை என்று அவனையே குழப்பக் கூடாது. உங்கள் கணவர் அவனைத் தத்து எடுக்க விரும்பினாலும், சட்டப்படி அப்பாவின் சம்மதம் வேண்டும்.

டி.சி. பற்றியும் ஒரு வார்த்தை. பி.ஜி. சேர்க்கை பெரும்பாலும் பள்ளி ஆண்டின் நடுவில் வருகிறது. நீட் பி.ஜி. தேர்வே 2024லும் 2025லும் ஆகஸ்டில்தான் நடந்தது. எட்டாம் வகுப்பு வரை, டி.சி. தாமதமாகிறது என்று பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது, கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் முடிந்தால் அந்த வருடத்தை இங்கேயே முடிக்க விடுங்கள். கணவர் முன்னால் போய் வீடு பார்த்து வைக்கட்டும்.

கேள்வி (ஒரு தாய், சென்னை): மகளுக்கு 13 வயது. “நான் வரமாட்டேன், அப்பாகூட இருக்கேன்” என்கிறாள். வற்புறுத்தி அழைத்துப் போகலாமா?

பதில்: சொந்தமாக யோசித்துச் சொல்லும் வயது வந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம் என்று 1890 சட்டத்தின் 17ஆவது பிரிவு சொல்கிறது. 13 வயது என்றால் நீதிபதி கட்டாயம் தன் அறைக்கு அழைத்துப் பேசுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோழிகள், டியூஷன், பத்தாம் வகுப்பு, எதற்காகச் சொல்கிறாள் என்று நீங்கள் முதலில் கேளுங்கள். மூன்று வருடம் அப்பாவிடம் இருந்துவிட்டு விடுமுறைக்கு உங்களிடம் வருவது அவளை இழப்பதாகாது. என்னிடம் வந்தவர்களில் அப்படி முடிவெடுத்த தாய்மார்கள் உண்டு, அவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேள்வி (லக்னோவிலிருந்து): நாலு மாதம் முன்பே யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டோம். இங்கேயே மனு போடலாமா?

பதில்: தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் உத்தரவு இருக்கும்போது லக்னோவில் புதிதாகப் போடாதீர்கள், ஒளிந்து போனது போலத் தெரியும். உத்தரவு தந்த நீதிமன்றத்தில் இந்த வாரமே மனு போடுங்கள். அதுவரை காத்திருக்காமல் இன்றைக்கே பிள்ளையை அப்பாவோடு வீடியோவில் பேச வையுங்கள், தவறிய நாட்களுக்கு ஈடாக அடுத்த விடுமுறையில் அனுப்புவதாக எழுத்தில் கொடுங்கள். அவர் முந்திக்கொண்டு நீதிமன்ற அவமதிப்பு மனு போட்டால் நிலைமை இன்னும் கடினமாகும்.

கேள்வி (ஒரு தாய், வேளச்சேரி): கணவர் அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு (மருத்துவமனையில் வேலை பார்த்தபடியே படிக்கும் மேற்படிப்பு) முயல்கிறார், எந்த மருத்துவமனை என்ற மேட்ச் முடிவு மார்ச் மாதம் வரும். 4 வயது மகனோடு போக வேண்டும்.

பதில்: அங்கே படிப்பு பொதுவாக ஜூலை 1ஆம் தேதி தொடங்கிவிடும். முடிவு வந்த பிறகு மனு போட்டால் மூன்றரை மாதம்கூட இருக்காது, நம் நீதிமன்றங்களில் அது போதாது. இன்டர்வியூ நடக்கும்போதே பேச்சைத் தொடங்குங்கள். மகனின் பாஸ்போர்ட்டுக்கு அப்பாவின் சம்மதம் கேட்பார்கள், அவர் மறுத்தால் அதற்கும் நீதிமன்றத்தை நாட வேண்டி வரலாம். வெளிநாடு என்றால் நீதிபதி கூடுதலாக யோசிப்பார். பிள்ளையைக் கடத்திப் போவது பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை, ஆகவே ஒரு முறை போன பிள்ளையைத் திரும்ப அழைப்பது அப்பாவுக்கு எளிதல்ல. வருடம் ஒரு முறை இந்தியா அழைத்து வருவதாக உறுதிமொழி கொடுங்கள், கேட்டால் பிணைத்தொகை கட்டவும் தயாராக இருங்கள். மகன் இப்போது தனியாக விமானத்தில் வர முடியாது, 5 வயதுக்குள் எந்த நிறுவனமும் தனியே ஏற்றாது. உங்களில் ஒருவர் கூட வர வேண்டும், அந்த டிக்கெட் செலவையும் மனுவில் இப்போதே எழுதிவிடுங்கள்.