மூச்சை அடக்காதீர்கள்: திருகோணமலைக் கடலில் சுழியோட வருபவர்களுக்கு

நிலாவெளிக் கரையிலிருந்து முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிச் சுழியோட ஆட்களைக் கடலுக்குள் கூட்டிப்போவதுதான் என் வேலை. கேள்விகள் குவிந்துவிட்டதால் சிலவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, டிசம்பரில்தான் லீவு. வரலாமா?

ஊர் பார்க்க வாருங்கள், கடலுக்குள் வேண்டாம். வாடைக்காற்று தொடங்கினால் இங்கே கடல் கலங்கிவிடும். மே முதல் செப்டம்பர் வரைதான் நம் பக்கம். டிசம்பரில் இறங்கியே ஆகவேண்டும் என்றால் தென்மேற்குக் கரையில் இருக்கும் ஹிக்கடுவைக்குப் போங்கள்.

நான் சின்ன வயதிலிருந்தே முக்குளிப்பவன், மூச்சு நன்றாக நிற்கும். சிலிண்டர் போட்டால் இன்னும் சுலபம்தானே?

தம்பி, உங்களைப் போன்றவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். வெறும் மூச்சில் இறங்குபவன் மேலிருந்து எடுத்துப்போன காற்றோடுதான் திரும்பி வருகிறான், அதனால் ஏறும்போது நுரையீரல் அளவுக்கு மீறி விரியாது. சிலிண்டரில் அப்படி இல்லை. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும், பழக்க தோஷத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழிந்துவிடும். மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். காது அடைத்தால் மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுங்கள், திறக்கவில்லையா, ஒரு மீட்டர் மேலே வாருங்கள். ரோசம் பார்க்காதீர்கள்.

எனக்கு நீந்தத் தெரியாது...

பயிற்சியாளர் கூடவே இருக்கும் அறிமுகச் சுழியோட்டம் செய்யலாம், 12 மீட்டருக்குள். சான்றிதழ் வகுப்பென்றால் 200 மீட்டர் நீந்தவும், பத்து நிமிடம் மிதக்கவும் வேண்டும் அக்கா.

காலையில் சுழியோடிவிட்டு மத்தியானமே வேன் பிடித்து நுவரெலியா போகிறோம். சரிதானே?

சரியில்லை. விமானத்துக்கு முன் இடைவெளி விடவேண்டும் என்பது பலருக்குத் தெரியும், மலையேறுவதும் அதே கதைதான் என்பது தெரியாது. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். நுவரெலியா 1,800 மீட்டருக்கு மேலே, அங்கே காற்றழுத்தம் குறைவு, மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழாகி மூட்டையும் நரம்பையும் பதம் பார்க்கும். ஒருமுறை இறங்கினால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை என்றால் 18. பேசாமல் மலையை முதலில் பார்த்துவிட்டுக் கடைசியாக இங்கே வாருங்கள், அப்புறம் நேரே வீடு.

புறாமலைத் தீவில் சுறா கடிக்குமா?

துடுப்பு நுனி கறுத்த சின்னச் சுறாக்கள். உங்களைக் கண்டதும் ஓடிவிடும். விடியற்காலையில் போனால்தான் பார்க்கக் கிடைக்கும்.

வெள்ளையாக, செத்துக் கிடக்கிற முருகைக்கல்லில் (பவளப்பாறையில்) ஏறி நின்றால் என்ன? ஒரு துண்டு எடுக்கலாமா?

வெள்ளை என்றால் செத்தது என்று யார் சொன்னது? கடல் சூடானதும் முருகை தன்னோடு வாழும் பாசியை வெளியேற்றிவிட்டு வெறும் உடம்போடு நிற்கிறது. சூடு தணிந்தால் பிழைத்தாலும் பிழைக்கும். அந்த நேரத்தில் நீங்கள் துடுப்புக் காலால் மிதித்தால் கதை முடிந்தது. துண்டு எடுப்பது குற்றம், 2003 முதல் புறாமலை தேசியப் பூங்கா. கரையில் ஒதுங்கிக் கிடப்பதையும் விட்டுவிடுங்கள்.

கோணேசர் மலையடிக் கடலில் பழைய கோயில் கற்கள் இருப்பது உண்மையா?

உண்மை. போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளியவை. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் அங்கே இறங்கிப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் முதல் நாளே அங்கே கூட்டிப்போகச் சொல்லாதீர்கள், நீரோட்டம் இழுக்கும். புறாமலையில் நாலு தடவை இறங்குங்கள், பிறகு நீங்கள் கேட்காமலே கூட்டிப்போகிறேன்.