அதுவும் இனவாதமா? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு முஸ்லிம் ஆசிரியருக்கு வாடகைக்கு வீடு கிடைக்காத கதையை எழுதி, அதை இனவாதம் என்றும் சொல்லியிருந்தீர்கள். வாசித்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. நான் 1983 ஆடியில் கொழும்பிலிருந்து அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்திறங்கியவன். அப்பாவின் கடையை எரித்தவர்களில் எங்களோடு பழகியவர்களும் இருந்தார்கள். இப்போது கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். இங்கும் வேலைத்தலத்தில் என் நிறத்தைச் சொல்லிப் பேசியவர்களைப் பார்த்துவிட்டேன். ஆகவே இனவாதம் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

என் கேள்வி இதுதான். அரசு, இராணுவம், சட்டம் எதுவுமே கையில் இல்லாத ஒரு இனம் எப்படி இனவாதியாக இருக்க முடியும்? வீடு கொடுக்காதது பழக்க வழக்கம் சார்ந்த விஷயம். சமையல், சுத்தம், கோயில் அயல் என்று ஆயிரம் இருக்கிறது. சாதியும் ஒரு சமூகக் குறைபாடு, அவ்வளவுதான். தேயிலைத் தோட்டங்களின் மலையக மக்களை வன்னியில் குடியேற்றியதே நாங்கள்தானே? இதையெல்லாம் 83ஓடும் முள்ளிவாய்க்காலோடும் ஒரே பெயரில் அழைத்தால் லாபம் யாருக்கு? அந்தக் கட்டுரையை எடுத்துவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

ந., ஸ்காபரோ


அன்புள்ள ந.,

உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. 1956இன் தனிச் சிங்களச் சட்டம், 58, 77 கலவரங்கள், 1981இல் யாழ். நூலகத்தோடு எரிந்த 97 ஆயிரம் நூல்கள், 83 ஆடி, 2009 மே. இவற்றுக்கெல்லாம் பின்னால் ஒரு அரசு நின்றது. இவற்றோடு ஒரு வீட்டுக்காரர் சாவியைத் தர மறுத்ததைத் தராசில் வைக்க எனக்கென்ன பைத்தியமா? அளவு வேறு, விளைவு வேறு. இதில் நமக்குள் தகராறு இல்லை.

தகராறு அந்தப் 'பழக்க வழக்கத்தில்' இருக்கிறது. வீடு தேடப் போனபோது நானும் சில இடங்களுக்கு அந்த ஆசிரியரோடு கூடப் போனேன். தொலைபேசியில் எல்லாம் சுமுகம். வாடகை இவ்வளவு, முற்பணம் இவ்வளவு, கிணறு நல்ல தண்ணி, பின்னேரம் வந்து பாருங்கோ. போனால் கேற்றடியிலேயே முதல் கேள்வி, "தம்பி எந்த இடம்?" புத்தளம் என்றார். "சொந்த இடமே அதுதானோ?" இல்லையம்மா, சொந்த இடம் இங்கேதான், சோனகதெரு, தொண்ணூறில் போனது. அந்த அம்மாவின் முகம் உண்மையிலேயே இளகியது. "ஐயோ, ஒஸ்மானியாப் பக்கமோ" என்று சொல்லிக் கதிரை எடுத்துப் போட்டார். தேத்தண்ணி போட உள்ளே போனார். வெளியே வரும்போது தேத்தண்ணியோடு ஒரு செய்தியும் வந்தது. மகள் பிள்ளைகளோடு கனடாவிலிருந்து வந்து நிற்கப் போகிறாளாம், இப்போதுதான் நினைவு வந்ததாம். "எங்களுக்கெண்டா ஒண்டும் இல்லைத் தம்பி. அயல்சனம் கதைக்கும்."

தேத்தண்ணியில் சீனி சரியாக இருந்தது. ஆசிரியர் வீட்டில் என்ன சமைப்பார் என்று யாரும் கேட்கவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, அயலில் பாதி வீடுகளிலிருந்து ஆட்டிறைச்சிக் கறி வாசம் வந்துகொண்டிருந்தது. றோட்டுக்கு வந்ததும் அவர் சிரித்தபடி சொன்னார், "கொழும்புல பேரைச் சொன்ன உடனேயே போனை வச்சிருவாங்க. இங்க தேத்தண்ணியாவது கிடைக்குது."

அந்த அம்மா பொல்லாதவர் இல்லை. நீங்கள் செய்ததற்குப் பெயர் இனவாதம் என்று அவரிடம் சொல்லியிருந்தால் அழுதிருப்பார். அவருக்கு இனவாதம் என்றால் துவக்கு, சீருடை, சோதனைச் சாவடி, வாசிக்கத் தெரியாத மொழியில் நிரப்பச் சொல்லும் ஒரு படிவம். யாழ்ப்பாணத்தில் நம்மில் பெரும்பாலோருக்கு அது அந்தக் கோலத்தில்தான் வந்தது. அதனால் அந்தக் கோலத்தில் வந்தால் மட்டும் அடையாளம் தெரிகிறது. சாரம் கட்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு, கையில் தேத்தண்ணியோடு வந்தால் தெரிவதில்லை. அவரவருக்கு அடி விழுந்த இடம் எதுவோ, அதுதான் அவரவருக்கு இனவாதம். பக்கத்து ஆளுக்கு வேறு இடத்தில் விழுந்திருக்கும் என்பது நமக்கு ஏறுவதில்லை.

அதிகாரம் கையில் இல்லாத இனம் என்கிறீர்கள். 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தில் செல்லுபடியானது கொழும்பின் சொல்லா, புலிகளின் சொல்லா? 30ஆம் திகதி ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வந்து முஸ்லிம்கள் எல்லோரையும் ஒஸ்மானியாக் கல்லூரிக்கு வரச் சொன்னது. ஊரை விட்டு வெளியேற அங்கே புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நகரத்து முஸ்லிம்கள் கொண்டுபோக விட்டது மாற்றுடுப்பும் நூற்றைம்பது ரூபாயும். வடக்கு முழுவதிலுமிருந்து அந்த மாதத்தில் போனவர்கள் ஏறக்குறைய 75 ஆயிரம் பேர்.

2007 யூன் 7 உங்களுக்கு நினைவிருக்கும். கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த முன்னூற்றுக்கு மேற்பட்ட தமிழரைப் பொலிஸ் அதிகாலையில் தட்டி எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி அனுப்பியது. உயர் நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தியது, பிரதமர் வருத்தம் தெரிவித்தார். அன்று நாம் எல்லோரும் கொதித்தோம், சரியாகத்தான் கொதித்தோம். அதைவிடப் பன்மடங்கு பெரியதான 1990க்கு வந்தால் மட்டும் காரணங்களை அடுக்கத் தொடங்குகிறோம். போர்க்காலம், காட்டிக்கொடுப்பு, கிழக்கில் முஸ்லிம் ஊர்காவல் படை தமிழ்க் கிராமங்களில் செய்தது. (செய்தார்கள், உண்மைதான். காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டதும் அதே வருடம்தான்.) காரணம் சொல்லாத இனவாதம் உலகத்தில் எங்கே இருக்கிறது? 2007இல் பொலிஸும் பாதுகாப்புக் காரணம்தான் சொன்னது.

இன்னொரு ஒக்ரோபர் 30 உண்டு, 1995இல். இராணுவம் நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் இரவோடிரவாகக் கிளம்பி, மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனது. நானும் அந்தச் சனத்துக்குள் நின்றவன். இப்போது ஒவ்வொரு வருடமும் அந்தத் திகதி வரும்போது இங்கே நாம் பாலத்தைப் பற்றிக் கதைக்கிறோம், புத்தளத்தில் அவர்கள் ஒஸ்மானியாவைப் பற்றிக் கதைக்கிறார்கள். ஒரே ஊரை இழந்த இரண்டு கூட்டம். ஒரு கூட்டத்துக்கு வீடு திரும்பக் கிடைத்தது, மற்றக் கூட்டத்தில் ஒருவர் இன்று அந்த ஊரிலேயே வாடகை வீடு தேடுகிறார்.

சரி, சாதி. இதை ஒரு மனிதரை வைத்துச் சொல்வது சுலபம். 'அடங்காத் தமிழர்' சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியராக இருந்தவர், சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சர். மலையக மக்களின் குடியுரிமைப் பிரச்சினையில் 1948இல் அந்தப் பதவியையே விட்டுவிட்டு வந்தவர். தனித் தமிழ் ஈழம் என்று பெரிய தலைவர்கள் வாய் திறக்கத் தயங்கிய காலத்திலேயே அதைச் சொன்னவர். இதே மனிதர் 1968இல், எழுபது வயது தாண்டிய நிலையில், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் போய் நின்றார். உள்ளே கும்பிட வந்த ஒடுக்கப்பட்ட மக்களை மறிக்க.

அவரைப் போலி என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு இடத்திலும் அவர் மனச்சாட்சிப்படிதான் நின்றார் என்று நினைக்கிறேன், அதுதான் பயமாக இருக்கிறது. சிங்களவர் தமிழரைத் தாழ்த்துவது அநியாயம். 'பஞ்சமர்' கோயிலுக்குள் வருவது ஆகமத்துக்கு விரோதம். இரண்டும் அவர் தலைக்குள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளவே இல்லை. ஒரு கணித மேதைக்கே அந்தக் கணக்கு வரவில்லை.

வெளியே மறிக்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து பாருங்கள். சிங்களவரிடம் அவர்கள் தமிழராகத்தான் அடி வாங்கினார்கள். 1966 ஒக்ரோபர் 21 சுன்னாகத்திலிருந்து சாதிக்கு எதிராக அவர்கள் புறப்பட்ட ஊர்வலத்தை அடித்தது பொலிஸ். ஆனால் தேத்தண்ணிக் கடைக்குள் இருந்து மற்றவர்கள் குடிக்கும் கிளாஸில் குடிக்க விடாதது யார்? சொந்த ஊர்ச் சனம், சொந்த மொழி, சொந்தச் சாமி. சங்கானையில் அதற்காக உயிர் போனது. அந்தக் குடும்பங்களில் ஒன்றிடம் போய் இனவாதத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டால், கொழும்பிலிருந்து தொடங்குவார்கள் என்றா எதிர்பார்க்கிறீர்கள்?

சட்டப்படி பார்த்தாலும் உங்கள் பிரிப்பு நிற்காது. இலங்கை 1982இல் இணைந்த ஐ.நா.வின் இனப் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கை, நிறத்தோடும் இனத்தோடும் வம்சாவளியையும் சேர்த்தே சொல்கிறது. அதைக் கண்காணிக்கும் குழு, சாதியும் இதற்குள் வரும் என்று 2002இல் தெளிவாக்கியது. இணைந்த அடுத்த வருடமே 83 நடந்ததால் அந்த உடன்படிக்கையின் மேல் உங்களுக்குப் பெரிய மரியாதை இருக்காது. எனக்கும்தான்.

மலையக மக்களை வன்னியில் குடியேற்றியது நாங்கள்தான் என்பதில் உண்மை உண்டு. 77 வன்செயலுக்குப் பிறகு காந்தீயம் என்ற அமைப்பு செய்த வேலை பெரியது. அதை நடத்திய மருத்துவர் இராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறையில் 83 ஆடியில் கொல்லப்பட்டார். இதை யாரும் சிறுமைப்படுத்த முடியாது. ஆனால் அதே காலத்தில் யாழ்ப்பாண வீடுகளின் குசினியில் பத்து வயதில் சட்டி கழுவிய பிள்ளை எந்த ஊரிலிருந்து வந்தது? கிளிநொச்சியில் நம்மவர் வயலில் கூலிக்கு நின்றது யார்? 'தோட்டக்காட்டான்' என்று அவர்களைக் கூப்பிடச் சிங்களம் தெரிந்திருக்கத் தேவையில்லை.

மலையக மக்கள் குடியேறிய கிளிநொச்சித் தருமபுரத்தில் பிறந்து, யாழ். பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு பெண் என்னிடம் சொன்னது இது. "ஊர் எது எண்டு கேட்டா தருமபுரம் எண்டுவன். உடன அடுத்த கேள்வி வரும், அதுக்கு முதல் எங்க?" அவளுடைய பூட்டனார் காலத்தில் 1947 தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு ஏழு ஆசனங்கள் கிடைத்தன. குடியுரிமையும் வாக்கும் போனபின் 1952இல் ஒன்றும் இல்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு ஐந்தேகால் இலட்சம் பேர் அந்தப் பக்கம், மூன்று இலட்சம் பேர் இந்தப் பக்கம் என்று பங்கு பிரித்தார்கள், மிச்ச ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று வைத்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு இனவாதம் வந்தது கடதாசியாக. 'அதுக்கு முதல் எங்க' என்று யாழ்ப்பாணத்தில் கேட்பவரும் அதே கடதாசியைத்தான் கேட்கிறார்.

சிங்களவரைப் பற்றி நீட்டவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் கோடிக்கணக்கில் தமிழர் இருப்பதைப் பார்த்துத் தங்களையே சிறுபான்மையாக நினைக்கிறவர்கள் அவர்கள். 1985இல் புலிகள் செய்த அநுராதபுரப் படுகொலையை அவர்கள் மறக்கப் போவதில்லை. பயம் உண்மை. அந்தப் பயத்தை வாக்காக மாற்றிப் பிழைத்தவர்களும் உண்மை.

ஸ்காபரோவில் உங்கள் நிறத்தைச் சொன்னவரை மறக்காமல் வைத்திருக்கிறீர்கள். அதே ஊரில் நம்மவர் பிறந்தநாள் விருந்துகளில் கறுப்பின மக்களைக் குறிக்க எந்தச் சொல் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது என்று உங்களுக்குத் தெரியும், இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு அது கூசுகிறது. பெற்றோருக்கு இவர்கள் ஏன் முகத்தைச் சுளிக்கிறார்கள் என்றே விளங்குவதில்லை.

லாபம் யாருக்கு என்ற கேள்வி நியாயமானது. தமிழர் வாயை அடைக்க மட்டும் 1990ஐக் கையில் எடுக்கும் ஆட்கள் தெற்கில் உண்டு. 2020இல் கொவிட்டில் இறந்த முஸ்லிம்களை, பச்சைக் குழந்தை உட்பட, அரசு எரித்தபோது அந்த ஆட்களில் எத்தனை பேர் வாய் திறந்தார்கள்? 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை போன தமிழர் பேரணியில் அந்த ஜனாஸா எரிப்பை நிறுத்துவதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. முஸ்லிம்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். அந்த மாதக் கடைசியில்தான் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. நாம் பேசாமல் விடும் 1990தான் தெற்கின் கையில் துருப்புச்சீட்டு. நாமே மேசையில் போட்டுவிட்டால் அதை வைத்து அவர்கள் விளையாட முடியாது.

கட்டுரையை எடுக்கவில்லை. உங்கள் கடிதத்தையும் அதன் கீழே சேர்த்திருக்கிறேன், முழுப் பெயர் போடலாம் என்றால் சொல்லுங்கள். அந்த ஆசிரியருக்கு இன்னும் வீடு அமையவில்லை. ஒரு கடைக்கு மேலே அறை எடுத்துத் தங்கியிருக்கிறார், மனைவியும் பிள்ளைகளும் புத்தளத்தில். இங்கே கோண்டாவிலில் உங்கள் வீடு பூட்டியே கிடக்கிறது, கறையான் பிடிக்கிறது, பார்க்க நம்பிக்கையான ஆள் இல்லை என்று போன வருடம் எழுதியிருந்தீர்கள். சாவி யாரிடம் இருக்கிறது?