கல்லிடைக்குறிச்சிக் கூடத்துக்கு எந்த ஆம்ப்ளிஃபையர்?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் எங்களுடையது பழைய காரை வீடு. பதினாறுக்குப் பன்னிரண்டு அடிக் கூடத்தில் சித்தப்பா வைத்திருந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் உள்ளன. பின்புறச் சீட்டில் 8 ஓம்ஸ், 60 வாட்ஸ், 86 டெசிபல் என்று போட்டிருக்கிறது. அவற்றை ஓட்டிய ஆம்ப்ளிஃபையர் பழுதாகிவிட்டது. காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் பழைய திரைப்பாடல்களும்தான் பெரும்பாலும் கேட்போம், செல்போனிலிருந்தும் டிவியிலிருந்தும். கையில் 12,000 ரூபாய் இருக்கிறது. வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் 5,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. ஹோம் தியேட்டர் ஒன்றைக் காட்டினார்கள். பெங்களூரில் இருக்கும் மகன், 100+100 வாட்ஸ் என்று போட்ட உள்ளங்கை அளவு கிளாஸ்-டி பெட்டியை ஆன்லைனில் வாங்கலாம் என்கிறான். அம்பாசமுத்திரத்தில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக், 7294 ஐ.சி. போட்டு 8,000 ரூபாய்க்கு அசெம்பிள் செய்து தருவதாகச் சொல்கிறார். கோயில் கொடைக்குக் குழாய் கட்டும் மைக்செட்காரர் தம் பழைய ஆம்ப்ளிஃபையரை 3,000 ரூபாய்க்குத் தரத் தயாராக இருக்கிறார். அதே கூடத்தில் அப்பா காலையும் மாலையும் மீடியம் வேவில் நெல்லை வானொலி கேட்பார். மாலையில் மின்னழுத்தம் 180 வோல்ட் வரை இறங்குவதும் உண்டு. எதை வாங்குவது?

பதில்: அம்பாசமுத்திரம் மெக்கானிக்கிடமே செய்துகொள்ளுங்கள். ஆனால் அவர் எதைப் போட்டாலும் சரி என்று விட்டுவிடாமல், கீழே சொல்லும் சில பொருள்களைப் பெயரும் அளவும் குறிப்பிட்டுக் கேட்டு வாங்குங்கள். உங்கள் அப்பாவின் வானொலி மட்டும் அந்தக் கூடத்தில் இல்லையென்றால், உங்கள் மகன் சொல்வதையே நானும் சொல்லியிருப்பேன்.

முதலில் உங்களுக்கு எத்தனை வாட்ஸ் தேவை என்பதைப் பார்த்துவிடலாம். 86 டெசிபல் என்று சீட்டில் இருப்பதற்குப் பொருள், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் அந்தப் பெட்டி அவ்வளவு ஒலியைத் தரும் என்பதாகும். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஒலி குறையும். ஆனால் பெட்டிகள் இரண்டு என்பதாலும், சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதாலும், இழந்ததில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். எல்லாம் கூட்டிக் கழித்தால், பெட்டிக்கு ஒரு வாட் வீதம் கொடுத்தாலே உங்கள் நாற்காலியில் ஏறத்தாழ 80 டெசிபல் கேட்கும். வீட்டில் பேச்சு நடப்பது 60 டெசிபல் அளவில் என்பதை நினைவில் கொண்டால், இது எவ்வளவு உரத்த ஒலி என்பது புரியும். தாராளமாகக் கேட்கும் 75 டெசிபலுக்கு அரை வாட் கூடத் தேவையில்லை. ஆனால் இசை ஒரே மட்டத்தில் ஓடுவதில்லை. நாகஸ்வரம் இழைந்துகொண்டிருக்கும்போது தவிலில் விழும் ஓர் அடி, சராசரியைவிட 20 டெசிபல் மேலே எழலாம். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு சக்தி. அந்த ஒரு நொடிக்காகத்தான் பெட்டிக்கு 30 வாட்ஸ் அளவில் உண்மையான சக்தி கைவசம் இருக்க வேண்டும். 50 இருந்தால் வசதி. அதற்கு மேல் போவது உங்கள் கூடத்துக்குச் செலவேயன்றிப் பயனில்லை. 50 வாட்ஸை 100 ஆக்கினாலும் கூடுவது வெறும் 3 டெசிபல்தான், காதுக்கு அது சிறிய வித்தியாசம்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு 5,000 வாட்ஸைப் பாருங்கள். பி.எம்.பி.ஓ., அதாவது கணநேர உச்ச சக்தி என்பதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. விற்பவர் விரும்பிய எண்ணை அச்சிட்டுக்கொள்ளலாம். அப்படிப்பட்ட பெட்டியைத் திருப்பி, மின்நுகர்வு என்று போட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள். அங்கே பெரும்பாலும் மூன்று இலக்கம் கூட இருக்காது. சுவரிலிருந்து எண்பது வாட்ஸ் வாங்குகிற கருவி ஐயாயிரம் வாட்ஸ் கொடுக்க வழியில்லை. அதைவிட முக்கியமான காரணம், அதை வாங்கினால் நல்ல பெட்டிகள் இரண்டையும் ஒதுக்கிவிட்டுக் கையளவு பிளாஸ்டிக் பெட்டிகளில் பாட்டுக் கேட்க வேண்டிவரும் என்பதுதான். 1964-இல் மறைந்த காருகுறிச்சியாரின் ஒலிப்பதிவுகள் ஒற்றைத் தட ஒலிப்பதிவுகள். அவற்றை ஐந்து பெட்டிகளில் பிரித்துப் போடுவதால் நாகஸ்வரத்துக்கு எந்த நன்மையும் இல்லை.

மைக்செட் ஆம்ப்ளிஃபையர் தெருமுனைக் குழாய்வரை கம்பி இழுத்துக் குரலைக் கொண்டுபோகப் பிறந்தது. அதன் பின்புறம் 100 வோல்ட் லைன் என்றொரு இணைப்பு இருக்கும். தவறி அதில் உங்கள் பெட்டியை மாட்டினால் வூஃபர் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர்) சுருள் கருகிவிடக்கூடும். அதோடு, அதில் பெரும்பாலும் ஒரே சேனல்தான். வேண்டாம்.

கிளாஸ்-டி பெட்டியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாங்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு வரை ஸ்பீக்கருக்கே அனுப்பி, அதிகம் சூடேறாமல், சிக்கனமாக ஓடும் கருவி அது. பெட்டியின் மேல் எழுதியிருக்கும் 100+100 வாட்ஸை மட்டும் நம்பாமல், உடன்வரும் அடாப்டரின் சீட்டைப் படிக்க வேண்டும். 24 வோல்ட், 4.5 ஆம்ப்ஸ் என்று இருந்தால் இரண்டையும் பெருக்கி வரும் 108 வாட்ஸ்தான் மொத்தச் சக்தி. அதிலும் 24 வோல்ட்டைக் கொண்டு 8 ஓம்ஸ் பெட்டிக்கு 36 வாட்ஸுக்கு மேல் கொடுக்கக் கணக்கே இடம் தராது. ஆனால் உங்களுக்கு வேண்டியதே 30 வாட்ஸ் என்பதால் அது குறையில்லை. 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் அடாப்டர் ஆதலால், வயல் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் இறங்கினாலும் அது அசையாது.

சிக்கல் வானொலியில்தான் இருக்கிறது. இவ்வகைக் கருவி ஒலியை நொடிக்குப் பல லட்சம் முறை நிறுத்தித் தொடங்கும் துடிப்புகளாக்கிப் பெருக்குகிறது. மலிவுப் பெட்டிகளில் பரவலாக உள்ள டி.பி.ஏ. 3116 ஐ.சி.யை எடுத்துக்கொண்டால், அதைக் குறைந்த நிலையில் வைக்கும்போது துடிப்பு 400 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். அதன் மும்மடங்கு 1200. உங்கள் அப்பா கேட்கும் நெல்லை நிலையம் 1197 கிலோஹெர்ட்ஸ். இரண்டும் அருகருகே விழுவதால் வானொலியில் சீழ்க்கையோ சரசரப்போ எழ வாய்ப்பு அதிகம். உலோகப் பெட்டியும் நல்ல வடிகட்டிச் சுருளும் இருந்தால் தொல்லை குறையும்; ஆனால் வாங்கும்முன் அதைச் சோதிக்க உங்களுக்கு வழியில்லை. போதாக்குறைக்கு அடாப்டரும் தன் பங்குக்கு இரையும். (இப்போதே வானொலியில் இரைச்சல் இருந்தால் கூடத்து எல்.இ.டி. பல்புகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். குற்றவாளி பலமுறை அங்கேதான் இருப்பார்.) எல்லாவற்றையும் மீறி மகன் வாங்கி அனுப்பிவிட்டால் ஒன்றை மறக்க வேண்டாம்: இவ்வகைக் கருவியில் பெட்டிகளின் கறுப்புக் கம்பிகள் இரண்டையும் ஒன்றாக முறுக்கி ஒரே கம்பியாகக் கொண்டுவரக் கூடாது. பழைய வீடுகளில் அப்படி மூன்று கம்பியில் இழுத்திருப்பார்கள். மாட்டிய நொடியிலேயே ஐ.சி. போய்விடக்கூடும்.

இனி மெக்கானிக்கிடம் பேச வேண்டியவை. டிரான்ஸ்ஃபார்மர் 24-0-24 (நடுமுனைக்கு இருபுறமும் 24 வோல்ட்), 5 ஆம்ப்ஸ், செப்புக் கம்பி சுற்றியது என்று கேளுங்கள். அலுமினியம் சுற்றியது மலிவாகக் கிடைக்கும், சூடேறும். அசல் 5 ஆம்ப்ஸ் மூன்று கிலோவுக்குக் குறைவாக இருக்காது. கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும். "இன்னும் கொஞ்சம் பவர் கிடைக்கும், 28-0-28 போட்டுவிடுவோம்" என்று அவர் அன்போடு சொல்லக்கூடும். ஒப்புக்கொள்ளாதீர்கள். 24 வோல்ட் மாறுமின்சாரம் நேராக்கப்படும்போது இருபுறமும் 33 வோல்ட் ஆகும். 28 போட்டால் அது 39-ஐ நெருங்கும். அவர் போடப்போகும் 7294 ஐ.சி. (முழுப்பெயர் டி.டி.ஏ. 7294) வேலை செய்யும் எல்லை இருபுறமும் 40 வோல்ட். மாலையில் 180-க்கு இறங்கும் அதே லைன், ஊர் அடங்கிய பின் 250-க்கு ஏறும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அப்போது அந்த ஐ.சி. எல்லையைத் தாண்டி நிற்கும்.

அதே காரணத்தால், நேராக்கிய மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் 50 வோல்ட் தாங்குபவையாக இருக்க வேண்டும். புறத்துக்கு 10,000 மைக்ரோஃபாரட் போதும். 35 வோல்ட் கெப்பாசிட்டரைப் போட்டுப் பணத்தை மிச்சம் பிடிப்பது அசெம்பிள் செட்டுகளில் வழக்கமாக நடக்கிறது. பகலில் ஓடும், இரவில் ஒருநாள் வெடிக்கும். மூடியைத் திறந்து, கெப்பாசிட்டரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணை நீங்களே படித்துவிடுங்கள்.

மூன்றாவதாக, ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டு. இதைச் சேர்க்க மறுத்தால் அந்தச் செட்டே வேண்டாம் என்பேன். ஐ.சி. உள்ளுக்குள் ஷார்ட் ஆனால், 33 வோல்ட் நேர்மின்சாரம் அப்படியே வூஃபருக்குப் பாயும். 8 ஓம்ஸில் அது 130 வாட்ஸுக்கும் மேல். சித்தப்பாவின் பெட்டி அதற்குச் சில நொடிகள்கூடத் தாங்காது. ரிலே உள்ள சிறிய போர்டு அந்நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். செட்டைப் போடும்போது எழும் "டப்" ஓசையையும் நிறுத்தும். 7294-இல் போலிகள் நிறைய உலவுவதால், ஐ.சி.யை நம்பகமான கடையில் வாங்கச் சொல்லுங்கள். விலை மிகக் குறைவாக இருப்பதே சந்தேகத்துக்குப் போதுமான காரணம்.

இப்படிச் செய்தால் 230 வோல்ட்டில் பெட்டிக்கு 45 முதல் 50 வாட்ஸ் கிடைக்கும். 180-க்கு இறங்கும்போது 30 வாட்ஸ் அளவில் நிற்கும். மின்னழுத்தக் குறைவால் இவ்வகைச் செட்டுக்குக் கேடு எதுவும் வராது, சக்தி மட்டும் குறையும். ஆகவே தனி ஸ்டெபிலைசர் வேண்டியதில்லை. டோன் கண்ட்ரோல் வைக்கச் சொல்லுங்கள். அது இல்லாமலிருப்பதே உயர்தரம் என்று சிலர் சொல்வார்கள். பழைய ஒலிப்பதிவுகளின் கீச்சுக் குரலைக் கொஞ்சம் தணிக்க டிரெபிள் குமிழ் எவ்வளவு உதவும் என்பது கேட்பவர்களுக்குத் தெரியும்.

செட்டை வாங்கும்போது மல்டிமீட்டரை நேர்மின்சார மில்லிவோல்ட்டில் வைத்து, ஸ்பீக்கர் இணைப்பில் அளந்து காட்டச் சொல்லுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஒலியைப் பூஜ்யத்தில் வைத்துக் காதைப் பெட்டியருகே கொண்டுபோனால் "ம்ம்ம்" என்ற இரைச்சல் கேட்கக் கூடாது. ஒரு மணி நேரம் பாடவிட்ட பிறகு, ஐ.சி.யின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்கைத் தொட்டுக் கை வைத்திருக்க முடிந்தால் அளவு சரி. வீட்டில் அதைச் சுவரலமாரிக்குள் அடைக்காதீர்கள். காற்றுத் துளைகளின் உட்புறம் கொசுவலைத் துண்டு ஒன்றை ஒட்டச் சொல்லுங்கள், பல்லி உள்ளே புகுந்து ஷார்ட் அடிப்பது நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கிற ஒன்று. ஐப்பசி கார்த்திகை இடிநேரத்தில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். டிவி இணைப்பு வழியாகவும் மின்னல் வரும் என்பதால் அதன் கம்பியையும் சேர்த்துக் கழற்றுங்கள்.

ஸ்பீக்கர் கம்பிக்கு விலையுயர்ந்த எதுவும் வேண்டாம். வயரிங் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி ஐந்து மீட்டர் தூரத்துக்குத் தாராளம். டிவியில் ஹெட்போன் துளை இல்லாமல் ஆப்டிகல் மட்டும் இருந்தால், அதை ஆம்ப்ளிஃபையரில் மாட்டும் சாதாரண ஆர்.சி.ஏ. இணைப்பாக மாற்றும் சிறிய கன்வெர்ட்டர் ஒன்று வாங்கி, டிவியின் ஒலி அமைப்பைப் பி.சி.எம். என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் சத்தமே வராமல் போகலாம். வெறும் தரையும் சுவரும் உள்ள கூடம் எதிரொலிக்கும். அதற்குப் பத்தமடைப் பாய் விரிப்பதால் அழகுதான் கூடும். ஒலியை உறிஞ்ச அது மிக மெல்லியது, கனமான ஜமக்காளமே உதவும்.

மிச்சமிருக்கும் 4,000 ரூபாயை இப்போதைக்குத் தொடாமல் வையுங்கள். மெக்கானிக்குக்கு முன்பணம் கொடுக்கும்முன், பெட்டிகளின் முன்துணியைக் கழற்றி வூஃபரைச் சுற்றியுள்ள ஓர வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ரப்பராக இருந்தால் கவலையில்லை. ஃபோமாக இருந்து பிசுபிசுவென்று உதிர்ந்தால் வளையம் மாற்ற வேண்டும், அந்தப் பணம் அதற்கு ஆகும். பிறகு மல்டிமீட்டரில் ஓம்ஸ் பாருங்கள். 8 ஓம்ஸ் பெட்டி 6 அல்லது 7 காட்டினால் சரி. எதுவும் காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. ஒன்று, இரண்டு என்று காட்டினால் சுருள் உள்ளே ஒட்டியிருக்கிறது, பழைய ஆம்ப்ளிஃபையரைப் பழுதாக்கியதே அந்தப் பெட்டியாக இருக்கலாம், அதைச் சரிசெய்யாமல் புதியதில் மாட்டக் கூடாது.