கனவு அணி மோதல்: பந்து போனபின் யார் பிடுங்குவது?

எல்லாக் காலத்துக் கால்பந்து வீரர்களிலிருந்தும் இருவர் மாறி மாறி ஆள் எடுத்து, தாளில் அணி வகுத்து, வாதாடி, மற்றவர்களின் வாக்கில் வெற்றியைத் தீர்மானிக்கும் ‘டிராஃப்ட்’ ஆட்டம் பற்றிச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இந்த இதழில்.

மரடோனா, க்ரைஃப், ஜிடான் மூவரும் என் அணியில். 4-3-3 (நான்கு தற்காப்பு, மூன்று நடுக்களம், மூன்று முன்வரிசை) வகுத்தேன். ‘பந்து போனால் யார் பிடுங்குவது?’ என்று எதிரணிக்காரர் கேட்டார். அந்த ஒரே கேள்வியில் வாக்கெல்லாம் போய்விட்டது. என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?
– வாசகர், தேவகோட்டை

அதற்கான பதில் ஆள் எடுக்கும்போதே அணியில் இருந்திருக்க வேண்டும். 1986 உலகக் கோப்பை இறுதியில் மரடோனாவுக்குப் பின்னால் பாடிஸ்டா, ஜியுஸ்டி, என்ரிக்கே மூவரும் ஓடி உழைத்தார்கள். 1998 இறுதியில் ஜிடானுக்குப் பின்னால் டெஷாம்ப்ஸ், பெத்தி, கரம்பு. 1974 ஹாலந்து அணியில் க்ரைஃப் இறங்கி வந்தால், அவர் விட்ட இடத்துக்கு நீஸ்கென்ஸ் பாய்ந்தார். மூவருமே தமக்காக ஓடும் ஆட்களோடு சேர்ந்துதான் அந்த உயரத்தைத் தொட்டவர்கள். மூவரையும் ஒரே அணியில் வைத்தால் அந்த ஓட்டத்துக்கு ஆள் மிஞ்சுவதில்லை.

ஜிடானை விட்டுவிடுங்கள். மனசு கேட்காது, ஆனாலும் விடத்தான் வேண்டும். க்ரைஃப் ஒன்பதாம் எண் இடத்தில் (முன்வரிசை நடுவில்), பின்னால் மரடோனா, அவருக்குப் பின்னால் ரைகார்ட், நீஸ்கென்ஸ். இடப்பக்கம் நெட்வெட், வலப்பக்கம் பெக்காம். இருவருமே தொண்ணூறு நிமிடமும் மேலும் கீழும் ஓடியவர்கள். பந்து நம்மிடம் இருக்கும்போது இது 4-2-3-1. பந்து போனதும் நெட்வெட்டும் பெக்காமும் ரைகார்டின் வரிசைக்கு இறங்க, அதுவே 4-4-2. இரண்டையும் தனித்தனிப் படமாக வரைந்து காட்டுங்கள். பெரும்பாலோர் முதல் படத்தை மட்டும் வரைகிறார்கள். தோற்பது இரண்டாவது படத்தில்தான்.

இன்னொன்று. ‘க்ரைஃப் முன்னின்று எதிரியை நெருக்குவார்’ என்று எழுதலாம், 1974 அணியே அதற்குச் சாட்சி. ‘மரடோனா ஃபுல்பேக்கை (ஓரத் தற்காப்பாளரை) துரத்துவார்’ என்று எழுதாதீர்கள். ஆட்டம் பார்த்தவர்கள் அந்த வரியோடு நம்பிக்கை இழந்துவிடுவார்கள்.

எதிரி மெஸ்ஸியை ஃபால்ஸ் நைனாக (முன்வரிசை நடுவிலிருந்து நடுக்களத்துக்கு இறங்கி ஆடுபவராக) வைத்திருக்கிறார். என்னுடைய ஸ்டாப்பர்கள் (நடுத் தற்காப்பாளர்கள்) பரேசியும் நெஸ்டாவும் மார்க் பண்ண ஆளில்லாமல் சும்மா நிற்பார்கள் என்கிறார். உண்மையா?
– வாசகர், காரைக்குடி

பாதி உண்மை. 1953 நவம்பர் 25 அன்று வெம்ப்ளியில் ஹங்கேரியின் ஹிடெகுட்டி நடுக்களத்துக்கு இறங்கி ஆடினார். பின்தொடர்வதா, இடத்தில் நிற்பதா என்று இங்கிலாந்தின் ஸ்டாப்பர் ஹாரி ஜான்ஸ்டன் தவித்துப்போனார். ஹிடெகுட்டிக்கு மூன்று கோல், ஹங்கேரி 6-3 என வென்றது. 2009 மே 2 அன்று மாட்ரிட்டில் ரியல் மாட்ரிட்டைப் பார்சிலோனா 6-2 என வென்ற ஆட்டத்திலும் அதே கதைதான். மெஸ்ஸி நடுவில் இறங்கினார். எட்டோவும் ஆன்றியும் பக்கங்களில் காத்திருந்தார்கள். மெஸ்ஸியைத் தேடி ஸ்டாப்பர் வெளியே வந்தால், அவர் விட்ட இடைவெளியில் விங்கர் நுழைவார். இந்தத் தந்திரத்தின் உண்மையான கத்தி அதுதான்.

ஆகவே மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள். பரேசிக்குப் பத்து கெஜம் முன்னால் ரைகார்ட் அல்லது டெசாயி நிற்பார், மெஸ்ஸி அவர் பொறுப்பு. மெஸ்ஸி நம் கோலுக்கு முதுகு காட்டிப் பந்து வாங்கும்போது மட்டும் பரேசி வெளியே வருவார், நெஸ்டா நகரமாட்டார். பரேசி வெளியே வந்த கணமே அந்தப் பக்கத்து ஃபுல்பேக் உள்ளே ஒடுங்குவார். ஃபுல்பேக் ஒடுங்கினால் ஓரம் காலியாகுமே என்று எதிரி கேட்பார். அதை மறைக்க வேண்டாம், உங்கள் விங்கர் இறங்கி அடைப்பார் என்று பெயரோடு சொல்லுங்கள்.

பிறகு எதிரியின் விங்கர்களைப் பாருங்கள். கோட்டை ஒட்டி ஓடி கிராஸ் போடுபவர்களாக இருந்தால், மெஸ்ஸி இறங்கியபின் பாக்ஸுக்குள் தலை கொடுக்க யார் இருக்கிறார் என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். மார்க் பண்ண ஆளில்லாத ஸ்டாப்பர் பந்தோடு முன்னேறவும் முடியும். பரேசி அதில் கெட்டிக்காரர். ‘சும்மா நிற்கிறார்’ என்ற வாதம் அங்கே முறிகிறது.

மரடோனாவை நிறுத்த ஜென்டீலே ஒருவர் போதும் என்று சொல்லி ஜெயிக்கலாமா?
– வாசகர், பள்ளத்தூர்

1982 உலகக் கோப்பையில் இத்தாலியின் ஜென்டீலே அர்ஜென்டினாவின் மரடோனாவை ஒட்டி நின்றார், இத்தாலி 2-1 என வென்றது. அடுத்த ஆட்டத்தில் பிரேசிலின் ஜிகோவை ஒட்டினார், இத்தாலிக்கு 3-2 வெற்றி. இவை பலமான ஆதாரங்கள். ஆனால் அன்று நடுவர் விட்டுக்கொடுத்த இழுப்புக்கும் இடிப்புக்கும் இன்று மஞ்சள் அட்டை வரும். எந்தக் கால விதிப்படி ஆட்டம் என்பதை முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் இந்த வாதம் விடியவிடிய ஓடும்.

ஆளோடு ஒட்டுவதற்கு ஒரு விலையும் உண்டு. 1986 இறுதியில் மத்தேயஸை மரடோனாவோடு கட்டிப்போட்ட மேற்கு ஜெர்மனி, முன்னேறித் தாக்கும் தன் சிறந்த கால்களையும் சேர்த்தே கட்டியது. 2-2 என்றிருந்தபோது மரடோனா தட்டிவிட்ட ஒரே பாஸில் புருச்சாகா வெற்றிக் கோலை அடித்தார். 1970 இறுதியில் ஜெர்சின்யோ தன் வலப்பக்கத்தை விட்டு உள்ளே போக, இத்தாலியின் ஃபக்கெட்டியும் அவர் பின்னாலேயே போனார். காலியான அந்தப் பக்கத்தில்தான் கார்லோஸ் ஆல்பெர்டோ ஓடிவந்து நான்காவது கோலை அடித்தார். ஜென்டீலேயை எடுத்தால், அவர் விட்டுப்போகும் இடத்தை யார் காப்பார் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

பின்வரிசையை மேலே ஏற்றி ஆடுகிறேன். எதிரில் பிரேசிலின் ரொனால்டோ. ஓடிப் போய்விடுவார் என்கிறார்களே?
– வாசகர், கானாடுகாத்தான்

பந்து வைத்திருப்பவர் மேல் நெருக்கடி இல்லையென்றால் நிச்சயம் போய்விடுவார். பயிற்சியாளர் சாக்கியின் மிலான் அணி முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே சுமார் 25 மீட்டரே விட்டு ஆடியது. முன்னால் இருப்பவர்கள் நெருக்கியதால்தான் பின்னால் இருப்பவர்கள் ஏற முடிந்தது. பந்துக்காரர் முதுகு திருப்பியிருந்தால் வரிசை ஏறும். தலை நிமிர்ந்து முன்னே பார்க்க நேரம் கிடைத்தால் வரிசை இறங்கும். இந்த இரண்டையும் எழுதாமல் ‘ஆஃப்சைடில் சிக்குவார்’ என்று மட்டும் எழுதினால் யாரும் ஏற்கமாட்டார்கள். 1990 முதல், கடைசிக்கு முந்தைய எதிராளியோடு சமமாக நின்றாலே ஆஃப்சைடு கிடையாது என்பதும் உங்களுக்குப் பாதகம்.

கோல்கீப்பர் நோயராக இருக்கட்டும். 2014இல் அல்ஜீரியாவுக்கு எதிராகப் பாக்ஸை விட்டு வெளியே வந்து பந்துகளை அவர் துடைத்தெடுத்த ஆட்டமே போதுமான ஆதாரம்.

எங்கள் ஐயா பெலே காலத்து வீரர்களையே எடுக்கிறார். ‘இன்றைய வேகத்துக்கு அவர்கள் தாங்கமாட்டார்கள்’ என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்.
– வாசகர், கோட்டையூர்

ஐயா பக்கம்தான் நியாயம். ஒவ்வொருவரும் தம் காலத்தில் எவ்வளவு மேலோங்கி நின்றாரோ, அந்த உயரத்தோடுதான் வருகிறார் என்று வைத்துக்கொள்வதே இந்த ஆட்டத்தின் அடிப்படை. வேகத்தை விட்டுவிட்டு, இடத்தைப் பற்றி வாதாடுங்கள்.

யாரை முதலில் எடுப்பது?
– வாசகர், புதுவயல்

தேர்வு வரிசை 1-2-2-1 (முதலாமவர், இரண்டாமவர், இரண்டாமவர், முதலாமவர்) என்று திரும்பித் திரும்பி வரட்டும். இல்லாவிட்டால் முதலில் எடுப்பவருக்கே ஒவ்வொரு சுற்றிலும் லாபம். முதல் வாய்ப்பில் பெரிய பெயரை எடுங்கள், அதில் தவறில்லை. இரண்டாம், மூன்றாம் வாய்ப்புகளில்தான் பலர் சறுக்குகிறார்கள். பத்தாம் எண் ஆட்டக்காரர்கள் (முன்வரிசைக்குப் பின்னால் நின்று ஆட்டத்தை வகுப்பவர்கள்) கால்பந்து வரலாற்றில் ஏராளம். பத்தாவது சுற்றிலும் நல்லவர் கிடைப்பார். இடப்பக்க பேக் அப்படியல்ல. மால்டினி, ஃபக்கெட்டி, நில்டன் சாண்டோஸ், ராபர்டோ கார்லோஸ், பிரைட்னர் போனபின் தரம் சட்டென்று இறங்கும். அதில் ஒருவரை மூன்றாம் சுற்றுக்குள் எடுத்துவிடுங்கள். அடுத்த அவசரம் ரைகார்ட், மகலேலே, புஸ்கெட்ஸ் போன்ற தற்காப்பு நடுக்களத்தவர்.

பெக்கன்பவரை லிபரோவாக (யாரையும் மார்க் பண்ணாமல் பின்னால் சுதந்திரமாக ஆடும் தற்காப்பாளராக) எடுப்பவர்கள், ஜெர்மனியில் அவர் பக்கத்தில் ஷ்வார்சன்பெக் ஆளை மார்க் பண்ணி நின்றதை மறந்துவிடுகிறார்கள். பெக்கன்பவர் முன்னே போனால் பின்னால் தங்க ஓர் ஆள் வேண்டும்.

மாற்று வீரராக இந்தியர் ஒருவரை வைத்தால் சிரிப்பார்களா?
– வாசகர், நாச்சியார்புரம்

ஜர்னைல் சிங்கை வையுங்கள். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்த அந்த ஸ்டாப்பரை, பயிற்சியாளர் ரஹீம் முன்வரிசையில் ஆடவைத்தார். தென்கொரியாவை 2-1 என வென்ற இறுதியில் பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல். தோற்கும் நிலையில் கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு அவரை முன்னே அனுப்பலாம், ஜெயிக்கும் நிலையில் பின்னே நிறுத்தலாம். இதை அணித் தாளிலேயே எழுதிவிடுங்கள். வாதம் தொடங்கியபின் சேர்த்தால் செல்லாது.