தள்ளுபடியில் கிடைக்கும் 29 இன்ச் வில்லை வாங்கலாமா?

கேள்வி: ஆறு மாதமாக கிளப் வில்லில் பழகுகிறேன். சொந்தமாகக் காம்பவுண்ட் வில் (நுனிகளில் சக்கரம் வைத்த வில்) வாங்க பினாங்கிலிருந்து கோலாலம்பூர் போகப் போகிறேன். உயரம் 168 செ.மீ., கைகளை விரித்தால் 170. ஒரு கடையில் 60 பவுண்ட் இழுவிசையும் 29 இன்ச் இழுப்பு நீளமும் உள்ள வில் தள்ளுபடியில் இருக்கிறது, போகப் போகப் பழகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்த அளவிலேயே என்றால் வேண்டாம். பவுண்டைக் குறைத்துக்கொள்ளலாம், டிரா லெங்த், அதாவது நாணை இழுக்கும் நீளம், பழகிப் போகிற விஷயமே இல்லை. காம்பவுண்டில் நுனியிலுள்ள கேம் என்ற சக்கரம் சுழன்று முடிந்ததும் இழுப்பு சுவரில் முட்டியது போல நின்றுவிடும், சக்கரமில்லாத ரிகர்வ் வில் மாதிரி கொஞ்சம் முன்னே நிறுத்திச் சமாளிக்க முடியாது. உங்கள் 170 செ.மீ. ஏறத்தாழ 67 இன்ச், அதை 2.5-ஆல் வகுத்தால் 26.8, ஆக உங்களுக்கு 27-ஐ ஒட்டித்தான் வரும். 2 இன்ச் கூடினால் தலை பின்னால் சாயும், தோள் ஏறும், நாண் முன்கையில் அறையும். இப்படி வாங்கி வந்து தோள்வலியோடு வில்லையே தொடாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இந்த நீளத்தை மாற்ற, சில வில்களில் கேமில் இருக்கும் மாட்யூல் என்ற துண்டை நகர்த்தினால் போதும், சிலவற்றில் கேமையே மாற்ற வேண்டும். கடையிலேயே 27-க்கு மாற்றி எய்து பார்க்கக் கொடுத்தால் மட்டும் பேச்சைத் தொடருங்கள்.

சரி, பவுண்ட். உலக வில்வித்தைச் சம்மேளனப் போட்டிகளில் காம்பவுண்டுக்கு 60தான் உச்சவரம்பு, 50 மீட்டர் இலக்குக்கு 45, 50 பவுண்டே தாராளம். 60 பவுண்ட் வில்லில் லெட் ஆஃப், அதாவது முழு இழுப்பில் குறையும் பாரம், 80 சதவீதம் என்றால் முழுதாக இழுத்தபின் கையில் நிற்பது 12 பவுண்ட்தான், கடையில் அதைப் பிடித்துப் பார்த்து லேசாக இருக்கிறதே என்று நினைத்துவிடுகிறோம், ஆனால் ஒவ்வொரு அம்புக்கும் அந்த 60-ஐத் தாண்டித்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். அம்பைப் பூட்டி, இலக்கைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்து, பாதங்களைத் தூக்கிக்கொண்டு இழுங்கள். வில்லை மேலே உயர்த்தாமல் நாண் நேராகப் பின்னால் வரவில்லையென்றால் பவுண்ட் அதிகம். வந்தாலும் 30 அம்பு எய்யுங்கள், கடைசி ஐந்தில் கை நடுங்குகிறதா என்று பாருங்கள். அம்பு இல்லாமல் மட்டும் நாணை விட்டுவிடாதீர்கள், லிம்ப் (வில்லின் வளையும் கை) பிளந்துவிடும்.

பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், அது 70 பவுண்ட், 30 இன்ச்சில் அளந்தது. இலக்குக்கு எய்பவருக்கு இரண்டு கேம் அச்சுகளுக்கும் நடுவே 36 இன்ச்சுக்கு மேல் இருக்கும் நீள வில்தான் ஆடாமல் நிற்கும். நாணை விடுவிக்கும் ரிலீஸ், குறிபார்க்கும் சைட், உங்கள் இழுப்புக்கு ஏற்ற விறைப்புள்ள அம்பு, இதற்கெல்லாம் தனியாக ரிங்கிட் எடுத்து வையுங்கள்.

அப்புறம், திரும்பும் வழியில் ஈப்போவில் சாப்பிட இறங்கினால் வில்லையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். வெயிலில் மூடிக் கிடக்கும் காரில் நாண் நீண்டு, கடையில் வைத்துக் கொடுத்த கேம் அளவு வீடு சேருவதற்குள் மாறிவிடலாம்.