முகவரின் தாளில் இல்லாத வருடம்

கேள்வி: ஹட்டனுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் இரண்டு பி, ஒரு சி. இசட் புள்ளி சற்றுக் குறைந்ததால் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. மலேசியாவில் மூன்று வருடத்தில் கணக்கியல் பட்டம் படிக்கலாம் என்று நகரில் ஒரு முகவர் சொல்கிறார். முதல் வருடத்துக்கு 18 இலட்சம் கட்டினால் போதுமாம், மீதியை அங்கே பகுதிநேர வேலை செய்து நானே கட்டிவிடலாமாம். ஓய்வு பெற்ற அப்பாவின் சேமலாப நிதியையும் அம்மாவின் நகையையும் சேர்த்தால் 22 இலட்சம் வரும். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். மலேசியாவில் கிள்ளான் என்ற ஊரில் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம் ஒருவர் உண்டு. மாதக் கடைசிக்குள் கடவுச்சீட்டையும் பதிவுப் பணத்தையும் கொடுக்கச் சொல்கிறார்கள். போகலாமா?
— ஒரு மகள், ஹட்டன்

பதில்: மகள், முகவர் எழுதிக் கொடுத்த தாளையும் கடிதத்தோடு வைத்து அனுப்பியது நல்லதாய்ப் போயிற்று. முதலாம் வருடத்துக்கு நேரே ஐந்து வரி எழுதியிருக்கிறார்: கட்டணம், விசா, காப்புறுதி, விமான டிக்கெட், விடுதி முன்பணம். இரண்டாம், மூன்றாம் வருடங்களுக்கு நேரே ஒரு கோடு இழுத்து, 'வேலை' என்று ஒரே சொல். உங்கள் அப்பா ஆயுள் முழுக்க உழைத்துச் சேர்த்த பணத்தை அந்த ஒரு சொல்லை நம்பி இறக்கச் சொல்கிறார். இந்த வருடம் போக வேண்டாம்.

அந்தச் சொல்லையே முதலில் எடுத்துக்கொள்வோம். மாணவர் அனுமதியில் மலேசியாவுக்குப் போகிறவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வேலை செய்ய முடியாது. ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையில் மட்டும், வாரத்துக்கு 20 மணித்தியாலம் வரை செய்யலாம். அதுவும் உணவகம், பெட்ரோல் நிலையம், சிறுகடை, ஹோட்டல் போன்ற இடங்களில், கல்லூரி வழியாகக் குடிவரவுத் திணைக்களத்தின் அனுமதி பெற்ற பிறகுதான். அதில் வருவது கைச்செலவுக்குக் காணலாம், கட்டணத்துக்குக் காணாது. களவாக இரவு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்தான். அவர்கள் காலை வகுப்பில் தூங்குவார்கள், பிறகு வகுப்புக்கே போக மாட்டார்கள். மாணவர் அனுமதியைப் புதுப்பிக்கும்போது வரவையும் புள்ளியையும் பார்ப்பார்கள். வரவு 80 சதவீதத்துக்குக் கீழே போனால் சிக்கல். எடுத்த கொழுந்தின் கிலோ குறைந்தால் தோட்டத்தில் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம் மட்டும், போடுவதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். அங்கே அரைப் பேரும் கிடையாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தாளின் முதல் வரியை இன்னொரு முறை வாசியுங்கள். கட்டணம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'ஃபவுண்டேஷன்' என்றிருக்கிறது. அது பட்டத்தின் முதலாம் வருடம் அல்ல, பட்டத்துக்கு முந்திய ஆயத்த வகுப்பு. அதற்கு மேல்தான் மூன்று வருடம். ஆக மொத்தம் நான்கு, தாளில் இருப்பது மூன்று. அதைவிட எனக்குக் கோபம் வருவது வேறொன்றில்: நமது உயர்தரச் சித்தியை ஏற்று நேரடியாகப் பட்டப்படிப்பில் சேர்க்கும் பல்கலைக்கழகங்கள் அங்கே பல இருக்கின்றன. உங்கள் பெறுபேற்றுக்கு அந்த ஆயத்த வருடம் எதற்கு என்று கேட்டுப் பாருங்கள்.

என் தங்கை மகனின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2021 இல் போனான். முதல் வருடக் கட்டணம் கட்டியாயிற்று, இரண்டாம் வருடத்துக்கும் வங்கியில் பணம் இருந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. ரிங்கிட்டும் கூடவே ஏறியது. வங்கிப் புத்தகத்தில் எழுதியிருந்த தொகை அப்படியேதான் இருந்தது, ஆனால் பாதி வருடத்துக்குச் சற்று மேல்தான் காணும். தங்கை இரண்டு சோடி வளையலையும் அடகு வைத்தாள். அவன் படித்து முடித்தான், வளையல் இன்னும் திரும்பவில்லை. படிப்பு முழுவதற்கும் தேவையான பணமும், அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கும் கையில் இல்லாமல் யாரும் ரூபாயை நம்பி வெளிநாட்டுப் படிப்பைத் தொடங்கக் கூடாது என்பது அன்றிலிருந்து என் கட்சி.

இதையெல்லாம் வாசித்துவிட்டு மலேசியாவையே நான் வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நம்மவருக்கு அதைவிடத் தோதான நாடு அந்தப் பக்கத்தில் இல்லை. மேற்கு நாடுகளோடு பார்த்தால் செலவு எவ்வளவோ குறைவு. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் 1998 இலிருந்தும் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் 2000 இலிருந்தும் அங்கே கிளை நடத்துகின்றன, தாய் வளாகத்தில் கேட்பதைவிடக் குறைந்த கட்டணத்துக்கு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 இலிருந்து இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. நமது பாட்டன்மாரைக் கங்காணி மன்னார்ப் பக்கமாய்க் கூட்டிவந்த அதே காலத்தில்தான், இன்னொரு கங்காணி நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிப் பினாங்கில் இறக்கினார். இங்கே தேயிலை, அங்கே ரப்பர். தங்கை மகன் போன புதிதில் அங்குள்ள ஒரு தமிழ்ப் பெரியவர், "பசியாறிவிட்டாயா?" என்று கேட்டிருக்கிறார். காலைச் சாப்பாட்டை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ரிங்கிட்டை வெள்ளி என்பார்கள். வெளிநாட்டு மாணவர்கள் மலாய்ப் பாடம் ஒன்று கட்டாயம் படிக்க வேண்டும், அதற்கும் பயம் வேண்டாம்: கடை அங்கே கெடாய், கப்பல் காப்பால், பெட்டி பெத்தி.

உங்களுக்குத் தடையாக இருக்கப் போவது மலாய் அல்ல, ஆங்கிலம். தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளைக்கு முதல் அரையாண்டில் விரிவுரை காதில் ஏறாது. அந்த அரையாண்டுக்கும் முழுக் கட்டணம்தான். ஆகவே ஆங்கிலத்தை இங்கேயே, நமது காசில், மெதுவாகப் படித்துக்கொள்ளுங்கள். கண்டியிலும் பதுளையிலும் உள்ள அரச உயர் தொழில்நுட்பவியல் நிறுவனங்களில் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது. கற்பிப்பதும் ஆங்கிலத்தில். அடுத்த விண்ணப்பம் கோரும்போது போடுங்கள். அதை முடித்துவிட்டு, ஏற்கெனவே படித்த பாடங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் மலேசியப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தேடினால், அங்கே கழிக்க வேண்டிய காலம் குறையும். உங்கள் 22 இலட்சம் அப்போது பேசும்.

அதுவரை கிள்ளான் சொந்தக்காரரைச் சும்மா விட வேண்டாம். அவர் வீட்டில் வருடக்கணக்கில் தங்கும் எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள். அவரிடம் கேட்க வேண்டியது வேறு. ஒரு வேலை நாளில், காலை பத்து மணிக்கு, முகவர் சொன்ன கல்லூரிக்கு நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். தனி வளாகமா, கடைவரிசைக்கு மேலே இரண்டாம் மாடியா? எத்தனை பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள்? அறிவித்தல் பலகையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கல்லூரியும் பாடநெறியும் மலேசியத் தகுதி முகவாண்மையின் பதிவேட்டில் இருக்கின்றனவா என்று இணையத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பட்டத்தை நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்குமா என்பதைக் கொழும்புக்குக் கடிதம் எழுதிக் கேளுங்கள். பதிலை எழுத்திலேயே வாங்குங்கள்.

பதிவுப் பணம் கட்ட வேண்டாம். எப்போது கட்டினாலும் கல்லூரியின் வங்கிக் கணக்குக்குத்தான், முகவரின் கைக்கு அல்ல. கடவுச்சீட்டின் பிரதியைக் கொடுக்கலாம், மூலத்தை அவரது மேசை லாச்சியில் விட்டுவிட்டு வரக் கூடாது. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாணவர் விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மாணவர் அனுமதிக் கடிதம் விமானம் ஏறுமுன் கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. நீங்கள் அனுப்பிய பிரதிகளில், பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் 'ராமையா', பாடசாலைப் பத்திரத்தில் 'இராமய்யா', ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்துக்கூட்டல். தோட்டத்து லிகிதர் எழுதியபடி நம்மில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கிறது. வெளிநாட்டு விண்ணப்பத்தில் இது பல மாதம் இழுக்கும், டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கும்போதும் கேட்பார்கள். திங்கட்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போங்கள். அவருடைய அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.